கிணற்றடியில் வைத்த பெட்டி: உங்கள் கருவி முதலில் எங்கே தோற்றது?

திரியைத் தொடங்கியவர், கோண்டாவில்:

யாழ்ப்பாணத்தில் மூன்று வருடமாகத் தோட்டக் கிணறுகளுக்குப் பம்ப் பெட்டி செய்து கொடுத்து வருகிறேன். போனிலிருந்தே மோட்டரைப் போடலாம், நிறுத்தலாம், கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கலாம். இணையத்தோடு பேசும் பொருள் செய்ய விரும்பும் தம்பி தங்கச்சிமார் என்னிடம் கேட்பதெல்லாம் எந்தப் போர்டு வாங்குவது, எந்த சேர்வர் நல்லது என்பதுதான். அதற்கு விடை எங்கும் கிடைக்கும். வெளியில் கொண்டுபோய் வைத்த பிறகு என்ன நடந்தது என்று எழுதுகிறவர்கள் குறைவு. அதனால் இந்தத் திரி. என் கதையை முதலில் சொல்கிறேன்.

உரும்பிராயில் ஓர் ஐயா. செம்மண் தறையில் வெங்காயம். என் முதல் பெட்டியை அவருடைய கிணற்றடியில்தான் பூட்டினேன். வீட்டு மேசையில் இரண்டு மாதம் பிழையில்லாமல் ஓடிய பெட்டி அது. உள்ளே நிரல் ஓடும் சிறு கணினிச் சில்லான ஓர் ஈஎஸ்பி32, ஒரு சிம் மொடெம், மோட்டரைப் போட்டு நிறுத்தும் மின் சுவிட்சாக 10 அம்பியர் என்று அச்சடித்த நீல ரிலே. ஐயாவின் மோட்டர் ஒரு குதிரை வலு. ஓடும்போது ஆறு ஏழு அம்பியர்தான் இழுக்கும், பத்து தாராளம் என்று கணக்குப் போட்டிருந்தேன். மூன்றாம் கிழமை, விடிய ஐந்து மணிக்கு ஐயாவிடமிருந்து கோல்.

"தம்பி, இரவு முழுக்க மெசின் ஓடியிருக்கு. கிணறு அடி தெரியுது. கெதியா வாரும்."

போனைத் திறந்து பார்த்தேன். 'மோட்டர் நிற்கிறது' என்று திரையில் பச்சையாக இருந்தது.

போய் ரிலேயைக் கழற்றி மூடியைப் பிளந்தேன். உள்ளே இரண்டு தொடுமுனைகள், ஒவ்வொன்றும் ஓர் உளுந்தளவுகூட இல்லை. இரண்டும் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஸ்குரூ டிரைவர் நுனியால் நெம்பினேன். 'டிக்' என்று பிரிந்தன. பிரிந்த இடத்தில் கறுப்பாக ஒரு பள்ளம். மோட்டர் கிளம்பும் அந்தக் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டம் பாயும். ரிலேயில் அச்சடித்த 10 அம்பியர் பல்பு, ஹீற்றர் போன்ற சுமைகளுக்குச் சொன்னது. ஐயா மோட்டரைப் போட்ட ஒவ்வொரு தடவையும் அந்த முனைகளில் சின்னதாக ஒரு வெல்டிங் நடந்திருக்கிறது.

வேறு ஊரென்றால் மின்கட்டணத்தோடு முடிந்திருக்கும். இங்கே அப்படியில்லை. எங்களுக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாற்றிலும் மாரியில்தான் தண்ணீர் வரும். மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின் மேல் நன்னீராகத் தங்கி நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறும். பக்கத்துத் தோட்டக்காரரின் கிணறும் அதே கல்லில்தான் ஊறுகிறது. ஐயா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. வாளியால் கொஞ்சம் அள்ளி வாயில் விட்டுப் பார்த்தார். "இன்னும் நல்ல தண்ணிதான்" என்றார். அவர் அதைச் சொல்லும்வரை நான் மூச்சுவிடவில்லை.

இப்போது என் ரிலே மோட்டரைத் தொடுவதே இல்லை. கொன்டக்டர் என்ற, மோட்டர் பாரத்துக்கென்றே செய்த பெரிய மின் சுவிட்சின் சுருளை மட்டும் இயக்குகிறது, பாரத்தைக் கொன்டக்டர் தாங்குகிறது. ஆனால் அதைவிட முக்கியமான பிழை மென்பொருளில் இருந்தது. 'நிறுத்து' என்று தான் கட்டளை கொடுத்ததையே, 'நின்றுவிட்டது' என்று என் பெட்டி சேர்வருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. உண்மையில் நின்றதா என்று பார்க்க அதற்குக் கண் இல்லை. இன்றைய பெட்டியில் மோட்டர் வயரைச் சுற்றி ஒரு மின்னோட்ட உணரி இருக்கிறது. கட்டளை போய் ஐந்து நொடி கழிந்தும் வயரில் ஓட்டம் இருந்தால் ஐயாவுக்கும் எனக்கும் கோல் வரும். ஓட்டம் வழமையைவிட இறங்கினால் மோட்டர் தண்ணீரில்லாமல் சுழல்கிறது என்று எடுத்துக்கொண்டு பெட்டி தானாகவே நிறுத்தும். அதற்கு சிக்னல் தேவையில்லை, சேர்வரையும் கேட்பதில்லை. ஆபத்தான முடிவு எதையும் தொலைவிலுள்ள கணினியிடம் விட்டுவைக்காதீர்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்கிறேன்.

இன்னொன்று. ஒருநாள் போனபோது பெட்டியைச் சுற்றிக்கொண்டு ஒரு வயர் நேரே மோட்டருக்குப் போயிருந்தது. ஐயாவே கொடுத்தது. எனக்கு மனம் சுருங்கியது. அவர் அமைதியாகக் கேட்டார்: "உம்முடைய சிக்னல் இல்லாத நேரம் என்ரை வெங்காயத்துக்குத் தண்ணி விடாயெடுக்காதோ, தம்பி?" அந்த வயரை நான்தான் முதல் நாளே வைத்திருக்க வேண்டும். இப்போது பெட்டியின் முகப்பில் மூன்று நிலை கொண்ட சுவிட்ச் ஒன்று இருக்கிறது: தானாக, நிறுத்தம், கையால். கையால் போட்டால் என் சேர்க்கிட் முழுவதும் செத்துக் கிடந்தாலும் தண்ணீர் வரும்.

கரண்ட் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பட்டு நாடு முழுக்க இருண்ட ஞாயிறு. கரண்ட் திரும்பியதும் என் பெட்டிகள் 'நான் ஓடிக்கொண்டிருந்தேன்' என்ற நினைவோடு ஒரே நேரத்தில் மோட்டரைக் கிளப்பின. ஒரு தோட்டத்தில் வாய்க்கால் மாற்ற ஆள் இல்லாமல் ஒரே பாத்தியில் தண்ணீர் நின்றது. எல்லாப் பெட்டியும் ஒன்றாகத் தட்டியதில் சேர்வரும் படுத்துவிட்டது. இப்போது கரண்ட் வந்தால் மோட்டர் நின்றபடியே இருக்கும், ஆள் சொன்னால்தான் கிளம்பும். சேர்வரோடு இணைய ஒவ்வொரு பெட்டியும் தற்செயலாக ஒரு நேரம் காத்திருக்கும். கிடைக்காவிட்டால் இரட்டிப்பு நேரம்.

உங்கள் கதைகளையும் எழுதுங்கள்.


உறுப்பினர், குருநகர்:

அண்ணை, எனக்குக் கடற்கரை அனுபவம். மீன் வைக்கும் குளிரறை ஒன்றுக்கு வெப்பநிலை பார்க்கும் கருவி செய்தேன். பெட்டி ஐபி67, ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் போகாது என்ற தரம். நம்பி வெளிச்சுவரில் பூட்டினேன். நாலு மாதத்தில் திறந்தால் உள்ளே ஈரம், செப்புத் தடங்கள் பச்சை பூத்துக் கிடந்தன.

தண்ணீர் எப்படிப் போனது என்று கனநாள் விளங்கவில்லை. பகல் வெயிலில் பெட்டி சூடேறி உள்காற்று விரிந்து வெளியேறுகிறது. பின்னேரம் மழை பட்டதும் சட்டென்று குளிர்ந்து சுருங்கி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. கேபிள் நுழையும் இடத்தில் மயிரளவு இடைவெளி போதும், உப்பு ஈரம் உள்ளே வந்துவிடும். வந்தது வெளியே போகாது. இறுக்கிப் பூட்டியதே வினையாயிற்று. இப்போது காற்றை விட்டு நீரைத் தடுக்கும் சிறு சவ்வு அடைப்பான் ஒன்று போடுகிறேன். கேபிள்கள் எல்லாம் அடிப்பக்கத்தால்தான் நுழையும், நுழைவதற்கு முன் ஒரு வளைவு தொங்கவிட்டால் மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். போர்டுக்கு மேல் பாதுகாப்பு வார்னிஷ் பூசுகிறேன், இணைப்பிகளை மட்டும் மறைத்துவிட்டு.

அதைவிட எனக்கு வெட்கமான இரவு ஒன்று உண்டு. விடியப்புறம் இரண்டு மணிக்குக் குளிரறை உரிமையாளருக்கு எச்சரிக்கை: '85 பாகை'. மனிசன் சாரத்தோடு சைக்கிளில் ஓடிவந்திருக்கிறார். மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை உணரிக்கு மின்சாரம் ஒருதரம் துண்டித்து வந்தால், புதிதாக அளக்கும்வரை அது வைத்திருக்கும் எண் 85. நான் அதை அளவு என்று நம்பி அனுப்பிவிட்டேன். உரிமையாளர் என்னைத் தேற்றினார், அதுதான் இன்னும் உறுத்தியது. இப்போது எண் வந்தவுடன் நம்புவதில்லை. ஒரு நிமிடத்தில் அந்த அறை அவ்வளவு சூடாக முடியுமா என்று கருவியே கேட்டுப் பார்க்கும். அடுத்தடுத்து மூன்று அளவும் ஒத்துவந்தால்தான் ஆளை எழுப்பும்.


உறுப்பினர், திருநெல்வேலி (யாழ்ப்பாணம்):

நான் வேலை செய்வது வீடுகளில். பிள்ளைகள் கனடாவில், அம்மா அப்பா இங்கே. தண்ணீர்த் தாங்கி தானாக நிரம்பவும், வாசல் கமராவைப் பிள்ளைகள் அங்கிருந்து பார்க்கவும் செய்து கொடுக்கிறேன்.

கமரா பூட்டும் ஆட்கள் பெரும்பாலும் பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் இப்படியான கமராக்களையும் ரௌட்டர்களையும் அவற்றின் தொழிற்சாலைக் கடவுச்சொற்களைக் கொண்டே பிடித்தது. அந்த ஒக்டோபரில் அவற்றை ஏவி தளப் பெயர்களை இணைய முகவரிகளாக மாற்றித் தரும் 'டின்' நிறுவனத்தின் சேவையை முடக்கியதில் உலகின் பெரிய தளங்கள் பல மணிக்கணக்கில் திறக்கவில்லை. ஆகவே நான் செய்யும் ஒவ்வொரு பெட்டிக்கும் வேறு கடவுச்சொல், அடியில் ஒட்டிய துண்டில் அச்சடித்திருக்கும்.

ஆனால் என்னை உலுக்கியது கமரா இல்லை, தண்ணீர்த் தாங்கி. ஒரு மாமியின் வீட்டுப் பம்ப் வரைபடத்தை, பிள்ளைகளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று கடவுச்சொல் இல்லாத இணைப்பாக அனுப்பியிருந்தேன். ஒருநாள் வேறு வேலையாக அதைத் திறந்தேன். விடிய ஆறு மணிக்கும் பின்னேரமும் எழும்பும் கோடு இரண்டு நாளாகத் தட்டையாகக் கிடந்தது. மாமியும் மாமாவும் நயினாதீவுத் திருவிழாவுக்குப் போய்விட்டார்கள் என்று அந்தக் கோட்டிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்தால், இணைப்பு கையில் கிடைத்த எவருக்கும் தெரியும், வீட்டில் ஆள் இல்லை என்று. வயதான இரண்டு பேர் தனியாக இருக்கும் வீடு. அன்றிரவே இணைப்பை மூடினேன்.

தண்ணீர் அளவு தனிப்பட்ட தகவலா என்று முன்பு யாராவது கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து வாசித்தேன். இப்போது தாங்கியின் அளவு வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. பழுது வந்தால் மட்டும் செய்தி வெளியே போகும். வரைபடம் வேண்டுமா என்று மாமியிடம்தான் முதலில் கேட்கிறேன், கனடாவிலுள்ள மகனிடம் அதற்குப் பிறகு.


உறுப்பினர், சாவகச்சேரி:

சின்ன விஷயம், ஆனால் என் காசைத் தின்றது. தமிழில் குறுஞ்செய்தி அனுப்புகிறீர்களென்றால் கவனியுங்கள். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழுக்கு 70தான், அதுவும் நாம் எண்ணுகிற மாதிரி இல்லை. 'கிணற்றில்' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. புள்ளியும் கொக்கியும் தனித்தனியாகச் சேர்ந்து அதற்கு 9 இடம் போகிறது. நான் தோட்டக்காரரின் பெயர், நேரம், தண்ணீர் அளவு எல்லாம் மரியாதையாக எழுதினேன். ஒவ்வொன்றும் மூன்று செய்தியாகப் போய் மூன்று செய்திக்குக் காசு வெட்டியது. இப்போது 'கிணற்றில் நீர் குறைவு, மோட்டர் நிறுத்தப்பட்டது', அவ்வளவுதான், 46 இடம். பழைய பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு அதுவும் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. அவர்களுக்குப் பதிவுசெய்த குரலில் கோல் போகிறது. என் அம்மாவின் குரல். நன்றாகக் கேட்கிறது என்கிறார்கள்.


திரியைத் தொடங்கியவர், கோண்டாவில்:

அம்மாவின் குரல் மிக நல்ல யோசனை. எடுத்துக்கொள்கிறேன்.

திருநெல்வேலித் தங்கச்சி எழுதியதை வாசித்துவிட்டு என் சேர்வரைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு கிணற்றுக்கும் இரண்டு வருடத்து ஓட்ட நேரம் அப்படியே கிடக்கிறது. எனக்கு அது தேவையே இல்லை. ஒரு மாதத்துக்கு முந்தியதை அழிக்கும்படி இன்று மாற்றிவிட்டேன்.

தூரத்திலிருந்து மென்பொருள் மாற்றுவது பற்றித் தனியாக ஒருவர் கேட்டிருந்தார். போன மாரியில் பதினான்கு பெட்டிக்கும் ஒரே இரவில் புதிய நிரலை அனுப்பினேன். நிரல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது, ஒழுங்காகக் கிளம்பியது. மொடெம் அமைப்பில் ஓர் எழுத்துப் பிழை இருந்ததால் ஒன்றுகூட சிக்னலில் சேரவில்லை. திருப்பி அழைக்க வழியில்லை. மழைக்குள் மோட்டார் சைக்கிளில் மடிக்கணினியைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன். பெட்டி முகப்பில் இருந்த அந்த மூன்று நிலைச் சுவிட்சால் தோட்டங்களுக்குத் தண்ணீர் நிற்கவில்லை, அது ஒன்றே ஆறுதல். ஈஎஸ்பி32இல் பழைய நிரலையும் புதியதையும் பக்கம் பக்கமாக வைத்திருக்க இடமுண்டு. இப்போது புதிய நிரல் கிளம்பிப் பத்து நிமிடத்துக்குள் சேர்வரோடு பேச வேண்டும். பேசாவிட்டால் பெட்டி தானாகப் பழையதற்குத் திரும்பும். அனுப்புவதும் முதலில் என் வீட்டுப் பெட்டிக்கு, ஒரு கிழமை கழித்து ஐயாவுக்கு, பிறகுதான் மற்றவர்களுக்கு.

எனக்கு இன்னும் தீராதது கிணற்று நீர்மட்டம். மேலிருந்து ஒலி அனுப்பி அளக்கும் உணரி, கிணற்றுச் சுவரின் கல் விளிம்பில் பட்ட எதிரொலியைத் தண்ணீர் என்று எடுத்துக்கொள்கிறது. விடியற்காலையில் உணரியின் முகத்தில் ஈரம் படிந்தால் எண்ணே வருவதில்லை. அதனால் அடியில் இறக்கி அழுத்தம் அளக்கும் வகை ஒன்று வாங்கியிருக்கிறேன். பத்து மீற்றர் தண்ணீருக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம், கணக்கு நேரானது. ஐயா கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார், என் எண்ணைச் சரிபார்க்க.

வருகிற சனி விடிய இறக்குகிறோம். வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்துத் தண்ணீரின் அழுத்தத்தை மட்டும் அளக்க, அந்த உணரியின் கேபிளுக்குள் ஒரு மெல்லிய குழாய் ஓடுகிறது. அதன் மேல்வாயில் மாரி ஈரம் புகாமல் எப்படிக் கட்டினீர்கள் என்று, வைத்துப் பார்த்தவர்கள் யாராவது சனிக்கு முன் எழுதுங்கள்.