வைதவருக்கும் மடை திறக்கும்போது

நம்மை வைகிறவரிடம் கிறிஸ்தவர் எப்படி நடந்துகொள்வது? மூன்று பேர் சொல்கிறார்கள்.

வாய்க்காலின் கடைசியான கடைமடையில், ஆளுக்கு ஒரு நேரம் என்று முறைத் தண்ணீர் வரும் நாட்களில்தான் வாய் நீளும். "ஞாயித்துக்கெழம அல்லேலூயா, திங்கக்கெழம தண்ணித் திருட்டா?" என்று வரப்பில் நின்றே வைவார்கள். முதலில் கையிலிருக்கும் மண்வெட்டியைக் கீழே போடுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாலே எதிராளிக்கு மிரட்டலாகத்தான் தெரியும். அடுத்து, சொல்வதில் உண்மை இருக்கிறதா பாருங்கள். உங்கள் முறை நேரம் தாண்டியிருந்தால் அங்கேயே மடையை அடைத்துவிடுங்கள். தாண்டவில்லை என்றால், "அண்ணே, ஆறு மணி வரைக்கும் என் முறை, லஸ்கரைக் கேட்டுப் பாருங்க" என்று (லஸ்கர் என்பவர் வாய்க்கால் தண்ணீரைக் கவனிக்கும் பாசன ஊழியர்) ஒரே பேச்சோடு நிறுத்துங்கள். தம்மை அறைந்த சேவகனிடம் இயேசுவும், நான் பேசியதில் தப்பிருந்தால் காட்டு, இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார் (யோவான் 18:23). திருப்பி வையவில்லை, உண்மையை விட்டும் கொடுக்கவில்லை.

பலரும் கெடுத்துக்கொள்வது இதற்குப் பிறகுதான். நாலு பேர் எதிரில் "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்பார்கள். அது அவரை இன்னும் சிறுமைப்படுத்தும். ஜெபம் வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு நடக்கட்டும். அவர் பயிர் வாடினால், உங்கள் முறையில் அரை மணி விட்டுக்கொடுங்கள், அதை ஊரில் சொல்லாதீர்கள். ரோமர் 12:20 சத்துருவின் பசிக்குச் சோறு போடச் சொல்கிறது. இங்கே பசி வயலுக்கு.
– வேதாரண்யம் பக்கத்து விவசாயி

ஒன்று சேர்க்கிறேன். தாவீது ராஜாவின்மேல் சீமேயி என்பவன் கல்லெறிந்து தூஷித்தபோது, அவன் தலையை வெட்டுகிறேன் என்ற தன் படைத்தலைவன் அபிசாயைத் தாவீது தடுத்தான் (2 சாமுவேல் 16). ஆனால் சாகும்போது அதே சீமேயியின் கணக்கைத் தீர்க்கச் சொல்லி மகன் சாலொமோனிடம் ஒப்படைத்தான் (1 இராஜாக்கள் 2). வாய் பொறுத்தது, மனதில் கணக்கு தீரவில்லை. நம் வீடுகளிலும் ராத்திரி சாப்பாட்டில் பிள்ளைகள் முன்னால் வைததைத் திரும்பச் சொல்வதால்தான் பகை அடுத்த தலைமுறைக்குப் போகிறது. வைதவர் சபையாரே என்றால் மத்தேயு 18:15தான் வழி: தனியாகப் போங்கள், மறுநாள் காலையில் போங்கள், குடித்திருக்கும் நேரத்தில் வேண்டாம்.

சாதிப் பெயர் சொல்லி வைதால், அது சபைக்குள்ளேயே நடந்தாலும், புகார் கொடுப்பது இரக்கத்துக்கு விரோதமல்ல. பிலிப்பி பட்டணத்தில் விசாரணையில்லாமல் அடிபட்டுச் சிறையில் போடப்பட்ட பவுல், அதிகாரிகளே வந்து தங்களை வெளியே விடவேண்டும் என்று சொல்லிவிட்டார் (அப்போஸ்தலர் 16:37).
– சபை மூப்பர், மயிலாடுதுறை

புருஷன் கையில் அடிவாங்கும் பெண்ணிடம் போய் மறு கன்னத்தைக் காட்டு என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். முதலில் அவளை அந்த வீட்டிலிருந்து கூட்டி வாருங்கள், பெண்கள் உதவி எண் 181க்குப் பேசுங்கள். மன்னிப்பதைப் பற்றி அவளாகப் பேசட்டும், நாம் அவசரப்படுத்த வேண்டாம்.
– பெண்கள் ஐக்கியம், கும்பகோணம்