புதுப்பிப்பு: தம்பிக்குத் துபாய் விமான நிலையத்தில் வேலை கிடைத்துவிட்டது

விமான நிலையத்தில் சுமை ஏற்றும் வேலை, விசாவுடன், ஒன்றரை லட்சம் ரூபாய் என்று உசிலம்பட்டி ஏஜென்ட் ஒருவர் கேட்கிறார், நம்பலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

உதவியது, இ-மைக்ரேட் தளத்தில் (வெளிநாட்டு வேலைக்குப் போவோருக்கான மத்திய அரசின் இணையதளம்) ஏஜென்டின் உரிம எண்ணைத் தேடச் சொன்ன யோசனைதான். அவர் பெயர் அதில் இல்லவே இல்லை. உரிமம் பெற்ற வேறொருவர் மூலம் நேர்காணலுக்குப் போனான், தேர்வாகிவிட்டான். ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ரசீது கேட்டு வாங்குங்கள். அமீரகச் சட்டப்படி விசா செலவு வேலை தரும் நிறுவனத்தின் பொறுப்பு. அதற்கென்று தனியாகக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

எதிர்பாராதது ஒன்று: தம்பியின் பழைய பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்ற குறிப்பு இருந்தது. அது இருந்தால் அமீரக வேலைக்கு இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதியும் வேண்டும். பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு அந்தக் குறிப்பு தேவையில்லை. மதிப்பெண் சான்றிதழுடன் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தில் விண்ணப்பித்துப் புதிய பாஸ்போர்ட் வாங்கினோம். வேலை தேடும் முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. எங்களுக்கு அதிக நாள் பிடித்தது இதற்குத்தான். குற்ற வழக்கு இல்லை என்ற காவல்துறைச் சான்றிதழையும் கேட்டார்கள், அதற்கும் பாஸ்போர்ட் சேவா தளத்திலேயே விண்ணப்பிக்கலாம்.