கண் முகாம் பேருந்தில் ஏறியவர்கள்: உங்கள் வீட்டுக் கதையைச் சொல்லுங்கள்

உசிலம்பட்டிப் பேரன்:

எங்கள் அப்பத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. "முத்தட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஊரில் யாரோ சொன்னதை நம்பி மூன்று வருடத்தை ஓட்டிவிட்டோம்.

அப்பத்தா பூக்கட்டுகிறவர். காலையில் வியாபாரி மல்லிகையை எடைபோட்டு இறக்கிவிட்டுப் போவார். கட்டி முடித்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. கண் மங்கியபிறகும் விரல் பழக்கத்தில் சரம் கட்டிவிடுவார். ஆனால் அழுகல் பூவைப் பிரித்தெடுக்கத் தெரியவில்லை. வியாபாரி பூ கொடுப்பதை நிறுத்தினார். அப்புறம் அடுப்பில் கை சுட்டது, ஒருநாள் வாசற்படியில் விழுந்தார். இனித் தனியே விடக்கூடாது என்று அம்மா நூறு நாள் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார். ஒருவருக்குக் கண் தெரியாமல் போனதில் வீட்டில் இரண்டு கூலி நின்றது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் இல்லாதவர்களுக்குப் புரை அறுவை சிகிச்சையை இலவசமாகச் செய்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் போகவில்லை. கூடப் போகிறவருக்கு ஒருநாள் கூலி போகும், எங்கே தங்குவது, யாரிடம் கேட்பது என்று ஒவ்வொன்றும் தடையாக நின்றது. எல்லாவற்றுக்கும் மேலே அப்பத்தாவின் பயம்: "உள்ளதும் போயிட்டா?"

2011இல் எங்கள் ஊர் மளிகைக்கடை அண்ணாச்சி, அவருடைய அப்பா நினைவுநாளுக்கு வழக்கமாகப் போடும் அன்னதானத்துக்குப் பதிலாக, ஊரிலேயே கண்ணைச் சோதித்துப் புரை உள்ளவர்களைப் பேருந்தில் மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் ஒரு கண் முகாமுக்குச் செலவு செய்தார். முகாமுக்கு முதல்நாள் சாயங்காலம் எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "ஆத்தா, பஸ்ல நானும் வர்றேன். கூட்டிட்டுப் போயி இதே வாசல்ல நானே கொண்டாந்து விடுறேன்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அப்பத்தா ஏறினார். சொன்னபடியே அவரும் போனார்.

பரிசோதனை, பேருந்து, அறுவை சிகிச்சை, லென்ஸ், சாப்பாடு, திரும்பி வருவது, எதற்கும் நாங்கள் ஒரு பைசா கொடுக்கவில்லை. கருப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கிய அப்பத்தா நேரே அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைப் பார்த்தார். "இம்புட்டுக் கரியோடயா இத்தனை நாளா சோறு தின்னோம்?" என்று சாம்பலை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்துவிட்டார். குனியக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று அம்மா அவர் கையிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது. கொஞ்ச நாளில் பூ வியாபாரி மறுபடி வந்தார். அம்மா வேலைக்குப் போனார்.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது போயிருப்பீர்கள். சொல்லுங்கள்.

வத்தலக்குண்டு வாத்தியார் (ஓய்வு):

தம்பி, அண்ணாச்சி திண்ணையில் வந்து உட்கார்ந்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்டேன்.

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் பள்ளிக்கூடத்து அறையைக் கழுவிவிட்டு அங்கேயே அறுவை சிகிச்சை செய்வார்கள். உள்ளே லென்ஸ் வைக்கும் வசதி அப்போது ஏழைகளுக்கு எட்டவில்லை. புரையை எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். அந்தக் கண்ணாடி உடைந்தால் மனிதர் மறுபடி குருடர் மாதிரிதான். எனக்குத் தெரிந்த ஓர் ஆடு மேய்ப்பவர் உடைந்த கண்ணாடியை நூலால் கட்டி ஒரு வருடம் போட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டர் கோ. வெங்கடசாமியைப் பற்றித் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்தக் கையோடு கண் அறுவை சிகிச்சை செய்யப் பழகினார். அரசு வேலையில் ஓய்வு பெற்றபின் 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்தைத் தொடங்கினார். கொடுக்க முடிந்தவர் கொடுக்கும் கட்டணத்தில் முடியாதவருக்கும் சிகிச்சை நடக்கும்படி அதை அமைத்தார். லென்ஸ் ஆரம்பத்தில் வெளிநாட்டிலிருந்து நன்கொடையாக வந்துகொண்டிருந்தது. நன்கொடை நின்றால் லென்ஸும் நின்றுவிடும். அதனால் 1992இல் ஆரோலேப் என்று மதுரையிலேயே லென்ஸ் செய்யத் தொடங்கினார்கள். விலை பல மடங்கு இறங்கியது. அதற்கும் செவா அறக்கட்டளை போன்ற வெளிநாட்டு நண்பர்கள் கைகொடுத்தார்கள். வருடாவருடம் லென்ஸ் அனுப்புவதோடு நிற்காமல், லென்ஸ் செய்யக் கற்றுக்கொடுக்க உதவினார்களே, அதை நான் பெரிய கொடையாக நினைக்கிறேன்.

சரி, எங்கள் முகாமுக்கு வருகிறேன். எங்கள் சங்கத்தின் முதல் முகாமுக்குப் பேனர் கட்டினோம், பிட் நோட்டீஸ் அடித்தோம், ஆட்டோவில் மைக் வைத்து ஊர் ஊராகச் சொன்னோம். கூட்டம் நன்றாகவே வந்தது. ஆனால் புரை என்று எழுதிக் கொடுக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேல் பேருந்தில் ஏறவில்லை. "மகன்கிட்ட கேக்கணும்", "மாட்டை யாரு பார்ப்பா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். தப்பு எங்களுடையது. அடுத்த தடவை பேனர் காசை மிச்சம்பிடித்து, ஒரு வாரம் முன்பே வீடு வீடாகப் போனோம். மாற்றுத்துணி எடுத்து வரச் சொன்னோம். மாட்டைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் பேசி வைத்தோம். அந்த முறை பேருந்து நிறைந்தது.

இன்னொன்று. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் கட்டுக்குள் இல்லாவிட்டால் அறுவை சிகிச்சையைத் தள்ளிவைப்பார்கள். தனக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதையே முகாமில்தான் தெரிந்துகொண்டவர்கள் எங்கள் பக்கம் பல பேர். கண்ணைக் காட்ட வந்து உயிரைக் காப்பாற்றிக்கொண்டு போனவர்கள் என்றுதான் அவர்களைச் சொல்வேன். அவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மறுபடி அழைத்துப் போக ஓர் ஆள் வேண்டும். நன்கொடை தருகிறவர்கள் இதையும் கேளுங்கள்.

தேனி சிஸ்டர்:

ஐயா, நீங்கள் பேருந்தில் ஏற்றி அனுப்பியவர்களில் சிலரை நான் கைபிடித்து இறக்கியிருப்பேன். பிளஸ் டூ முடித்ததும் அரவிந்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். இரண்டு வருடப் பயிற்சி, உதவித்தொகை உண்டு, அப்புறம் வேலை. என்னோடு இருந்தவர்கள் எல்லாம் கிராமத்துப் பெண்கள்தான். அப்பா அனுப்ப மாட்டேன் என்றார், அம்மா அழுது சம்மதம் வாங்கினார். இன்றைக்கு என் சம்பளத்தில்தான் தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான்.

கட்டை அவிழ்க்கும் காலை நேரம் எனக்குப் பிடிக்கும். எல்லோரும் அழுவார்கள் என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் அப்படியில்லை. தங்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். ஒரு பாட்டி, "இவ்வளவு சுருக்கமா விழுந்துருச்சு" என்று தன் கையைப் பார்த்து வருத்தப்பட்டார்.

ராஜபாளையம் தையல்:

எனக்குப் புரை இல்லை, வெள்ளெழுத்துதான். 43 வயசில் ஊசியில் நூல் கோக்க எதிர்வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. பள்ளிச் சீருடை ஆர்டர் வருகிற மாதங்களில் ராத்திரியும் தைத்தால்தான் வருமானம். எனக்கு அந்த வருமானம் போய்விட்டது. ஒரு முகாமில் சோதித்துக் கண்ணாடி கொடுத்தார்கள். அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து தைத்தேன். கண்ணாடி ஆயிரக்கணக்கில் விலை இருக்கும் என்று பயந்துதான் கடைக்கே போகாமல் இருந்தேன். அவ்வளவு ஒன்றும் இல்லையாம்.

உசிலம்பட்டிப் பேரன்:

அக்கா, நீங்கள் சொல்வதற்கு ஓர் ஆய்வே இருக்கிறது. 2018இல் வெளிவந்தது. அசாமில் தேயிலை பறிக்கும் 40 வயது தாண்டிய சுமார் 750 தொழிலாளர்களில் பாதிப்பேருக்கு முதலிலேயே கண்ணாடி கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்தபின். முதலில் கண்ணாடி வாங்கியவர்களின் வேலைத்திறன் மற்றவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் கூடுதலாக உயர்ந்தது. கொழுந்து பறிப்பவருக்கே அப்படி என்றால் ஊசி பிடிப்பவருக்கு எப்படி இருக்கும்!

கம்பம் பள்ளத்தாக்கு:

எல்லாம் நல்ல கதையாக வருவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊருக்கு ஓர் அமைப்பு வந்தது, பெயர் வேண்டாம். யாருடைய கண்ணையும் சோதிக்காமல் வரிசையில் நிற்கவைத்து ஆளுக்கொரு கண்ணாடி கொடுத்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார்கள். என் அம்மா அதைப் போட்டுத் தலைவலியில் கிடந்தார். அடுத்த வருடம் உண்மையான முகாம் வந்தபோது, "அந்தக் கண்ணாடிக்காரங்கதானே" என்று போக மறுத்துவிட்டார். சோதிக்காமல் கொடுக்கப்பட்ட அந்தக் கண்ணாடியால் ஒரு வருடம் வீணானது. பணம் கொடுக்கிறவர்கள் எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்று மட்டும் எண்ணாதீர்கள். ஒரு மாதம் கழித்து யாராவது திரும்பி வந்து பார்த்தார்களா என்று கேளுங்கள்.

வத்தலக்குண்டு வாத்தியார் (ஓய்வு):

அம்மாவை இந்த முறை நானே வந்து கூப்பிடட்டுமா? வயதானவர் வயதானவரைக் கூப்பிட்டால் சில நேரம் வருவார்கள். தனிச்செய்தியில் ஊரைச் சொல்லுங்கள்.

உசிலம்பட்டிப் பேரன்:

எப்படிக் கொடுப்பது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். முழு முகாம் செலவையும் ஏற்க வேண்டியதில்லை. எங்கள் ஊரில் இப்போது மண்டகப்படி மாதிரிப் பிரித்துக்கொண்டோம். பந்தல் ஒருவர், காபி, டிபன் ஒருவர், மைக் ஆட்டோ இன்னொருவர். கூடப் போகிறவருக்கு அன்றைய கூலியை ஈடுகட்டுவது என் பங்கு.

அண்ணாச்சி இப்போது இல்லை. அவர் மகன் அதே நினைவுநாளில் நடத்துகிறார். அடுத்த ஞாயிறு முகாம். எங்கள் தெருவில் இரண்டு பேர் இன்னும் "பார்க்கலாம்" என்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் திண்ணைக்கு அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன்.