தண்ணீர் டிஸ்பென்சர் வைத்த ஃப்ரிட்ஜ், எந்த அமைப்பு நல்லது? புதுச்சேரி, கடலூர் அன்பர்களின் அனுபவங்கள்

உப்பளத்துக்காரி:

நூறடிச் சாலைக் கடை ஒன்றில் சைடு பை சைடு ஃப்ரிட்ஜைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து ஒரு காட்சி மனத்தை விட்டு அகலவில்லை. டிஸ்பென்சர் வேண்டும் என்பதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கருத்துதான். எந்த அமைப்பில் வேண்டும் என்பதில்தான் இழுபறி. விற்பனையாளர் கண்ணாடித் தம்ளர் ஒன்றைக் கதவில் இருந்த குழிக்குள் நீட்டினார். பின்னால் இருந்த தகடு அழுந்தியதும் தண்ணீர் அழகாக விழுந்தது. உடனே என் மாமியார் கைப்பையிலிருந்து தம் எவர்சில்வர் பாட்டிலை எடுத்து அதே குழிக்குள் வைக்கப் பார்த்தார். நிமிர்த்தி வைக்க உயரம் போதவில்லை. சாய்த்துப் பிடித்தால் பாட்டிலின் வாய் தண்ணீர் விழும் இடத்துக்கு வரவில்லை, ஆனால் தகடு மட்டும் அழுந்திவிட்டது. கடையின் தரை நனைந்ததுதான் மிச்சம். "பாட்டில் பிடிக்க முடியாத குழாய் எதற்குத் தம்பி?" என்று அவர் கேட்டதற்கு, விற்பனையாளர் பதில் சொல்லாமல் ஃப்ரீசர் கதவைத் திறந்து ஐஸ் பெட்டியைக் காட்டினார். அது இன்னும் வினையாகப் போயிற்று. கதவின் உட்புறத்தில் பாதியை ஐஸ் பெட்டியும் ஐஸ் விழும் வழியும் அடைத்துக்கொண்டிருக்க, மிஞ்சிய தட்டுகளின் அகலத்தைத் தம் முழங்கையால் அளந்து பார்த்த மாமியார், "ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வாங்கினால் இதில் எங்கே படுக்க வைப்பது?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. வெளியே பார்த்தால் ஏறத்தாழ 91 செ.மீ. அகலமுள்ள பெரிய பெட்டி. ஆனால் மேலிருந்து கீழ்வரை நடுவில் தடுத்து இரண்டாக்கிவிடுவதால், ஃப்ரீசர் பக்கத்தில் அகலமான தட்டு நுழையாது, இந்தப் பக்கம் மாவுப் பாத்திரம் முட்டிக்கொண்டு நிற்கும். மேலே இரட்டைக் கதவும் கீழே இழுப்பறை ஃப்ரீசரும் கொண்ட வகையில் டிஸ்பென்சர் மேல் கதவில் இருப்பதால் தட்டின் முழு அகலமும் நமக்குக் கிடைக்கிறது. அதன் விலையைக் கேட்ட மாமனார் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டார். வாங்கிப் பயன்படுத்துகிறவர்கள் தங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

முத்தியால்பேட்டை நெசவாளர் மகன்:

மீன் இருக்கட்டும் அக்கா, முதலில் தண்ணீர் வருமா என்று கேளுங்கள். நாங்கள் குழாய் இணைப்புள்ள சைடு பை சைடு வாங்கினோம். எங்கள் தெருவில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். எனவே சுவரில் மாட்டியிருந்த ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து ஃப்ரிட்ஜுக்குக் கால் அங்குல வெள்ளைக் குழாயை இழுத்துவிடலாம் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். பொருத்த வந்தவர் எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, என் தங்கையிடம் தம்ளரைக் கொடுத்துத் தகட்டை அழுத்தச் சொன்னார். உள்ளே 'டக்' என்று வால்வு திறக்கும் ஓசை கேட்டது. பிறகு ஒரு சொட்டு விழுந்தது. வெகுநேரம் கழித்து இன்னொரு சொட்டு விழுந்தது. தங்கை தம்ளரைப் பிடித்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

குழாய் இணைப்புள்ள ஃப்ரிட்ஜுக்குக் குறைந்தது 20 பி.எஸ்.ஐ. அளவு அழுத்தம் தேவை என்று கையேட்டிலேயே அச்சிட்டிருந்தார்கள். சுவரில் மாட்டும் ஆர்.ஓ. இயந்திரத்தின் தொட்டியிலிருந்து தண்ணீர் தன் எடையால் இறங்குகிறதே தவிர, அதைத் தள்ளிவிட உள்ளே வேறு ஒன்றும் கிடையாது. கடைக்காரரைக் கேட்டால் பொருத்துகிறவரைக் கைகாட்டினார், பொருத்துகிறவர் ஆர்.ஓ.காரரைக் கைகாட்டினார். கடைசியில் தனியாக ஒரு சிறிய பம்ப் வாங்கி நடுவில் வைத்த பிறகுதான் தண்ணீர் ஒழுங்காக வந்தது. இரவில் யாராவது தண்ணீர் பிடித்தால் பம்ப் உறுமி வீட்டையே எழுப்பிவிடுகிறது.

திருப்பாதிரிப்புலியூர் ஆசிரியை:

முத்தியால்பேட்டைத் தம்பி சொல்வதைப் பார்த்தால், குழாய் இணைப்பே வேண்டாம், தொட்டி வைத்த வகையே போதும் என்று நான் முடிவெடுத்தது சரிதான் என்று தோன்றுகிறது. எங்களுடையது சாதாரண டபுள் டோர் ஃப்ரிட்ஜ். கீழ்க்கதவின் உட்புறத்தில் சில லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறது. கேன் தண்ணீரை அதில் ஊற்றினால் கதவைத் திறக்காமல் வெளியில் பிடித்துக்கொள்ளலாம். முன்பு கதவில் பாட்டில்கள் நின்ற இடத்தைத் தொட்டி எடுத்துக்கொண்டது என்பதைத் தவிர எனக்குக் குறையில்லை.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த இரவில் நான் ரெயின்போ நகரில் என் அண்ணன் வீட்டில் மாட்டிக்கொண்டேன். புதுச்சேரியில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டிய அந்த நாளை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், மின்சாரம் இல்லை, கேன் போடுகிறவர் வர வழியில்லை. அண்ணன் வீட்டில் இருந்தது குழாய் இணைப்புள்ள பெரிய ஃப்ரிட்ஜ். அண்ணன் மகள் இருட்டில் தம்ளரைக் கொண்டுபோய் அழுத்துகிறாள், ஒன்றும் வரவில்லை, மறுபடியும் அழுத்துகிறாள். அந்த வால்வு மின்சாரத்தால் திறப்பது என்பது அதுவரை அந்த வீட்டில் யாருடைய நினைவிலும் இல்லை. எங்கள் வீட்டுத் தொட்டியில் நெம்புகோலை அழுத்தினால் வால்வு தானாகத் திறந்து தண்ணீர் இறங்கும், மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். புயல் பாதையில் குடியிருக்கிற நாம் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் எப்படி இருக்க முடியும்?

வைசியாள் வீதி:

தொட்டியைப் புகழ்கிற ஆசிரியை அம்மாவுக்கு ஒரு கேள்வி: அதை எப்போது கழுவினீர்கள்? என் மருமகன் வீட்டில் அதே வகைதான் இருக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டவுடன், நத்தையைத் தொட்டதுபோல் வழுவழுவென்று ஏதோ ஒட்டியது. தொட்டியைக் கழற்றித் தேய்த்துவிடலாம். வால்வுக்குள் எந்தத் தூரிகையும் நுழையாது. குளிர்ச்சியில் கிருமி வளராது என்று சொல்லிச் சொல்லியே அதை அப்படியே விட்டிருக்கிறார்கள். குளிரில் அவை மெதுவாக வளரும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் நடந்தது வேறு விதம். பழைய வீடு, திண்ணை, உயரமான நிலைப்படி, குறுகலான ஒற்றைக் கதவு. சைடு பை சைடு ஃப்ரிட்ஜ் திண்ணை வரை வந்து நின்றுவிட்டது. இரண்டு கதவுகளையும் கழற்றிவிட்டால் பக்கவாட்டில் உள்ளே போகும் என்றார்கள். டிஸ்பென்சர் இல்லாத ஃப்ரிட்ஜ் என்றால் அது எளிய வேலைதான். ஆனால் இதில் கதவுக்குள் தண்ணீர் போக வேண்டுமே, அந்த மெல்லிய குழாய் கீழ்க்கீலின் வழியாகக் கதவுக்குள் ஏறுகிறது; விளக்குக்கும் பொத்தான்களுக்குமான கம்பிகள் மேற்கீலின் வழியாகப் போகின்றன. வந்த பையன் குந்தியிருந்து, கீலுக்கு அடியில் குழாய் இணைப்பின் வளையத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு இழுக்கிறான், அது வரவில்லை. வேகமாக இழுக்கிறான், குழாயின் முனை நசுங்கி வருகிறது. உள்ளே கொண்டுபோய் மாட்டிய பிறகு அந்த நசுங்கிய முனையிலிருந்து கசிவு நிற்கவேயில்லை. முனையைச் சதுரமாக வெட்டி மீண்டும் செருகினால் போதும் என்பது வேறொரு மெக்கானிக் வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அதற்குள் அடியில் போட்டிருந்த பலகை ஊறிப்போயிற்று.

லாஸ்பேட்டை பொறியாளர், பணி ஓய்வு:

என் வீட்டில் குழாய் இணைப்புள்ள ஃப்ரிட்ஜ் பல ஆண்டுகளாக எந்தத் தொல்லையும் இன்றி ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப்பற்றிச் சொல்ல அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் மேலே எழுதியவர்கள் எல்லோரும் தேவையில்லாமல் பயமுறுத்துகிறார்கள். முத்தியால்பேட்டை நண்பர் ஆர்.ஓ. தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்த்ததே வீண் வேலை. ஃப்ரிட்ஜிலேயே வடிகட்டி இருக்கும்போது, மேல்நிலைத் தொட்டித் தண்ணீரை நேராக இணைத்தால், தொட்டி போதிய உயரத்தில் இருக்கும்வரை அழுத்தப் பிரச்சினையும் வராது, தனிப் பம்பும் வேண்டாம்.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். வாங்குவதற்கு முன் வாசற்கதவு, சமையலறைக் கதவு, மாடிப்படித் திருப்பம் ஆகிய மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். நிலையின் வெளி அகலத்தை அல்ல, கதவு முழுவதும் திறந்த பிறகு எஞ்சும் இடைவெளியை அளக்க வேண்டும். குழாய் இணைப்புக்குத் தண்ணீரை அடைக்கும் வால்வை ஃப்ரிட்ஜின் பின்னால் வைக்காமல், கை நீட்டினால் எட்டுகிற பக்கவாட்டில் வைக்கச் சொல்லுங்கள். கசிவு வரும்போது அவ்வளவு பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. குழாய் மடங்காமல் இருக்கச் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே தாராளமாக இடம் விடுங்கள். முதன்முதலில் இணைத்ததும் வருகிற பல லிட்டர் தண்ணீரைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள். வடிகட்டியின் கரித்தூள் அதில் வரும். வடிகட்டியை ஏறத்தாழ 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அது நம் ஊரில் கிடைக்கிறதா என்பதை ஃப்ரிட்ஜை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கதவில் டிஸ்பென்சருக்காகக் குழி எடுத்த இடத்தில் குளிர்காப்பு மெலிந்திருக்கும். நம் கடற்காற்றின் ஈரத்தில் அந்த இடம் வியர்ப்பது இயல்பு. அதைத் தடுக்க உள்ளே சிறிய சூடேற்றி வைப்பதும் உண்டு, அதற்கும் மின்சாரம் செலவாகும் என்பதால், டிஸ்பென்சர் உள்ள மாதிரியையும் இல்லாத மாதிரியையும் எடுத்து, நட்சத்திர முத்திரையில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று எழுதியிருப்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஐஸ் விழும் வழியின் மூடி சரியாக மூடவில்லை என்றால் உள்ளே பனி கட்டி, பிறகு அந்த மூடி மூடவே மூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் பூட்டுப் பொத்தான் இல்லாத மாதிரியை வாங்கவே வேண்டாம். புயலில் மின்சாரம் போகும் என்பதற்காக அன்றாட வசதியை விட்டுக்கொடுக்க முடியாது. புயல் எச்சரிக்கை வந்ததும் இரண்டு குடம் தண்ணீர் பிடித்து வைப்பதைத்தான் நம் அம்மாக்கள் செய்தார்கள்.

மஞ்சக்குப்பம்:

பொறியாளர் ஐயா எழுதிய அத்தனையிலும் தண்ணீர் தேங்குகிற தட்டைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. மழைக்காலத்தில் கொசுப்புழு பார்க்க வருகிற பெண் எங்கள் வீட்டுக்கு வந்தபோது தொட்டி, பூச்சட்டி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நேராக ஃப்ரிட்ஜின் பின்னால் போய் உட்கார்ந்தார். டார்ச்சை அடித்துக் கம்ப்ரசர் மேல் இருந்த தட்டை மெதுவாக உருவி வெளிச்சத்தில் காட்டினார். கால்வாசி தண்ணீர், அதில் பத்துப் பதினைந்து புழுக்கள் வளைந்து வளைந்து மேலேறி இறங்கிக்கொண்டிருந்தன. "ஏடிஸ் கொசு அம்மா, டெங்கு பரப்புவது. வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து டிஸ்பென்சர் குழிக்கு அடியில் இருக்கும் அந்தச் சிறிய தட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. சிந்துகிற தண்ணீர் அங்கிருந்து எங்கே போகிறது?

வைசியாள் வீதி:

எங்கும் போவதில்லை அம்மா. பின்னால் இருக்கும் தட்டு உள்ளே உருகும் பனிநீருக்கானது. முன்னால் இருப்பது பெரும்பாலான மாதிரிகளில் வடிகால் இல்லாத வெறும் ஏந்து தட்டுதான். தம்ளரில் பிடித்தது போக மீதியை அதில் கொட்டக் கூடாது. துணியால் துடைத்துவிட வேண்டும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதை வாஷ்பேசின் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முத்தியால்பேட்டை நெசவாளர் மகன்:

லாஸ்பேட்டை ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு, ஆர்.ஓ. குழாயைக் கழற்றி, மேல்நிலைத் தொட்டிக் குழாயை நேராக ஃப்ரிட்ஜில் இணைத்துப் பார்த்தேன். தண்ணீர் பம்ப் இல்லாமலே சன்னமாக வந்தது. சும்மா சொல்லக்கூடாது, உறுமல் நின்றதே பெரிய நிம்மதி. பிறகு கேன் கடைக்காரரிடமிருந்து, தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வாங்கிவந்து, ஒரு தம்ளரில் தொட்டித் தண்ணீரும் இன்னொன்றில் ஃப்ரிட்ஜ் வடிகட்டியின் வழியாக வந்த தண்ணீருமாக வைத்து இரண்டிலும் முக்கிப் பார்த்தேன். இரண்டு எண்களுக்கும் பேர் சொல்லும்படியான வித்தியாசம் எதுவுமில்லை. இரண்டுமே இந்தியத் தர நிர்ணயம் குடிநீருக்கு ஏற்கத்தக்கது என்று சொல்லும் லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டியிருந்தன. உள்ளே இருப்பது கரி வடிகட்டி. அது குளோரின் வாடையையும் ருசியையும் சரிசெய்யும், கரைந்த உப்பைத் தொடாது. லாஸ்பேட்டையில் உங்களுக்கு நல்ல தண்ணீர் வருகிறது, அதனால் அந்த வடிகட்டியே உங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. கடற்கரையை ஒட்டி உப்புத் தண்ணீர் வருகிற தெருவில் இருப்பவர்கள் ஆர்.ஓ.வும் பம்பும் வைத்துத்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் ஆசிரியை அம்மாவைப்போல் தொட்டியில் கேன் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வாரம் ஒருமுறை தேய்க்க வேண்டும்.

உப்பளத்து அக்காவுக்கு: உங்கள் பகுதியும் கடலை ஒட்டியதுதான். எந்த அமைப்பு என்று பார்ப்பதற்கு முன்னால் கேன் கடையில் மீட்டரைக் கேட்டு வாங்கி ஒருமுறை முக்கிப் பாருங்கள். எண் 500க்குக் கீழே வந்தால் கீழ்ப்புற ஃப்ரீசர் வகையைக் குழாய் இணைப்போடு தாராளமாக யோசிக்கலாம். மேலே போனால் மாமனார் கடைக்குள் திரும்பி வருகிற விலையிலேயே தொட்டி வைத்த டபுள் டோர் கிடைக்கும், அதன் ஃப்ரீசரில் வஞ்சிரமும் படுக்கும்.