சரிஞ்ச மூக்குத் தண்டுக்கு சிலிக்கான் போதுமா, விலா குருத்தெலும்பு எடுக்கணுமா?

பார்வதிபுரம்_அண்ணன்

தங்கச்சிக்கு 24 வயசு. சின்ன வயசுல மூக்குல அடி, பிறகு செப்டம் (மூக்கை ரெண்டாப் பிரிக்கிற நடுச்சுவர்) வளைவுக்கு ஒரு ஆபரேஷன். இப்போ தண்டு நடுவுல குழிஞ்சு, நுனி தொங்கிக் கிடக்கு. வலது பக்கம் மூச்சும் சரியா போகல்ல. நாகர்கோவில்ல பாத்த டாக்டர் சிலிக்கான் வச்சா ஒரு மணி நேரத்துல முடியும்னு சொல்லுதார். திருவனந்தபுரத்துல பாத்தவர் விலாவுல இருந்துதான் எடுக்கணும்கார். விலான்னு கேட்டதும் எங்க அம்மைக்குப் பயம். காதுல இருந்து எடுத்தா போதாதா? விவரம் தெரிஞ்ச டாக்டர்மார் இருந்தா சொல்லுங்க.

தக்கலை_இ.என்.டி.

தம்பி, மூக்கு தாழ்ந்திருக்கிறது வேற, உள்ளே தாங்கு இடிஞ்சு போனது வேற. பிறவியிலேயே தண்டு தாழ்ந்து, செப்டம் உறுதியா இருந்து, மூச்சும் நல்லா போனா மேல எதை வச்சு உயர்த்தலாம்னு பேசலாம். உங்க தங்கச்சிக்கு அடி, பழைய ஆபரேஷன், குழி, மூச்சடைப்பு நாலும் சேர்ந்திருக்கு. இதுல சிலிக்கான் மட்டும் வைக்கிறது, உத்தரம் உளுத்த வீட்டுக்கு ஓடு மாத்துற கதை. குழி மறையும். மூச்சு அப்படியே இருக்கும், நுனியும் தொங்கும்.

செப்டத்துல குருத்தெலும்பு எடுக்கும்போது மேல்பக்கமும் முன்பக்கமும் குறைஞ்சது 10 மி.மீ. அகலத்துக்கு எல் வடிவப் பட்டையை விட்டு வைக்கணும். அது மெலிஞ்சாலோ, முறிஞ்சாலோ, உள்ளே ரத்தம் கட்டிச் சீழ் பிடிச்சு அழிஞ்சாலோ தண்டு நடுவுல உட்கார்ந்திரும். முதல் ஆபரேஷன்ல எவ்வளவு எடுத்தாங்கன்னு பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில ஆபரேஷன் குறிப்பு இருந்தா பாருங்க. இல்லேன்னா எண்டோஸ்கோப்பி போட்டு, பஞ்சு சுத்தின குச்சியால செப்டத்தை ரெண்டு பக்கமும் மெல்லத் தட்டிப் பார்ப்பாங்க. குருத்தெலும்பு இருக்கிற இடம் கெட்டியா எதிர்க்கும், இல்லாத இடம் துணி மாதிரி வளையும்.

வீட்டிலேயே ஒண்ணு செஞ்சு பார்க்கலாம். வலது கன்னத்தை விரலால வெளிப்பக்கமா இழுத்துப் பிடிச்சு மூச்சு இழுக்கச் சொல்லுங்க. அப்போ காத்து நல்லா போனா, உள் வால்வு, அதாவது மூக்குக்குள்ள காத்து போற ஒடுங்கின வழி, குறுகலா இருக்க வாய்ப்பு அதிகம். அதைத் திறக்க ஸ்ப்ரெடர் கிராஃப்ட், அதாவது செப்டத்துக்கும் பக்கவாட்டுக் குருத்தெலும்புக்கும் நடுவுல வைக்கிற நீளமான பட்டை வேணும். சிலிக்கானால அந்த வேலையைச் செய்ய முடியாது.

காதுக் குருத்தெலும்பு நுனிக்கு அருமையான பொருள். ஆனா இயல்பாவே வளைஞ்சது, நொறுங்கும், பாரம் தாங்காது. ஒரு காதுல 3 செ.மீ. நீளத்துக்கு மேல எதிர்பார்க்க முடியாது. சரிஞ்ச மூக்குக்குத் தூணாவும் உத்தரமாவும் வைக்க அது போதாது. திருவனந்தபுரத்துல சொன்னதுதான் எனக்கும் சரின்னு படுது.

வடசேரி_பிளாஸ்டிக்

மேல சொன்னதோட ஒத்துப்போறேன். சிலிக்கானை ஒரேயடியா வில்லனாக்குறதும் சரியில்லை. கொரியா, ஜப்பான் பக்கம் காலங்காலமா வைக்கிறாங்க. தண்டுக்கு மட்டும் ஐ வடிவத் துண்டு, நுனிக்குச் சொந்தக் காதுக் குருத்தெலும்புன்னு பிரிச்சு வச்சா பலருக்கு நல்லாத்தான் இருக்கு. நுனி வரைக்கும் வளைஞ்சு வர்ற எல் வடிவத் துண்டுதான் வம்பு. நுனித்தோலை வருஷக்கணக்கா அழுத்தி அழுத்தி மெலிய வைக்கும். முதல்ல நுனி பளபளக்கும், அப்புறம் சிவக்கும், கடைசியில துளைச்சுக்கிட்டு வெளிய வரும். நுனியில செயற்கைப் பொருள் கூடாதுங்கிறதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சிலிக்கானோட திசு ஒட்டாது, சுத்தி ஒரு உறை கட்டும். எடுக்கணும்னா சுலபமா உருவலாம். அதே காரணத்தால நகரவும் செய்யும். எலும்பு மேல உள்ள பெரியாஸ்டியம்ங்கிற சவ்வுக்கு அடியில, துண்டோட அகலத்துக்குச் சரியா பை வெட்டி வைக்கணும். பை அகலமானா கோணும், இறுக்கமானா தோல் இழுபடும். கோர்-டெக்ஸ்னு சொல்ற ஈ.பி.டி.எஃப்.ஈ.ங்கிற இன்னொரு செயற்கைப் பொருள்ல 10 முதல் 30 மைக்ரான் நுண்துளை இருக்கு, திசு கொஞ்சம் உள்ள வளர்ந்து பிடிக்கும். தோலுக்கு அடியில விளிம்பு அவ்வளவா தெரியாது. காலப்போக்கில சிலது கொஞ்சம் அமுங்கும். மெட்போர்ங்கிற நுண்துளை பிளாஸ்டிக்ல துளை 100 மைக்ரானுக்கு மேல. திசு நல்லா ஊடுருவிரும், கெட்டியாவும் நிக்கும். சீழ் பிடிச்சு எடுக்க வேண்டி வந்தா தோலோட பிய்ச்சு எடுக்கிற நிலைமை. மூக்குக்கு அதை நான் சொல்றதில்லை.

எந்தச் செயற்கைப் பொருளா இருந்தாலும் சீழ் பிடிச்சா மருந்து மட்டும் கொடுத்துக் காப்பாத்துறது கஷ்டம், பெரும்பாலும் எடுத்தாகணும். எடுத்த பிறகு தோல் சுருங்கி மூக்கு குட்டையாகும். மறுபடி கட்ட மாசக்கணக்குல காத்திருக்கணும், அப்பவும் கடைசியில விலாவுக்குத்தான் வரணும். தங்கச்சிக்கு ஏற்கெனவே ஒரு ஆபரேஷன் ஆன வடுத்திசு, ரத்த ஓட்டம் குறைவு. அந்த மூக்குல செயற்கைப் பொருள் வைக்கிறதுல ஆபத்து இன்னும் கூடுதல்.

மூக்குத்தி போட்டிருந்தா முன்கூட்டியே கழட்டச் சொல்லுங்க. அந்தத் துளையில சீழோ கட்டியோ இருந்தா அது முழுசா ஆறின பிறகுதான் தேதி குறிக்கணும்.

பார்வதிபுரம்_அண்ணன்

ரொம்ப நன்றி டாக்டர். மூக்குத்தி உண்டு, கழட்டச் சொல்லுகேன். விலா எடுத்தா நெஞ்சுல பெரிய தழும்பு வருமா? நுரையீரல்ல ஓட்டை விழும்னு சொல்லுதாங்களே? எடுத்த துண்டு வளைஞ்சும் போகுமாமே?

ஓ.டி._வெள்ளமடம்

மூணு பயமும் நியாயம்தான். எடுக்கிறது 6வது இல்ல 7வது விலாவோட குருத்தெலும்புப் பகுதி. பெண்களுக்கு மார்புக்குக் கீழ் மடிப்புல 3 செ.மீ. சுமாருக்கு வெட்டுவாங்க, தழும்பு மடிப்புல மறையும். குருத்தெலும்புக்கு அடியில ஒட்டியிருக்கிற சவ்வை விட்டு வச்சு, குருத்தெலும்பை மட்டும் உரிச்சு எடுக்கணும். எடுத்ததும் அந்தக் குழியில சலைன் (உப்புத் தண்ணி) ஊத்தி, மயக்க டாக்டர் நுரையீரலை ஊதிக் காட்டுவார். குமிழி வரலேன்னா ப்ளூரா, அதாவது நுரையீரலைச் சுத்தின உறை, பத்திரம். வந்தா சின்ன ரப்பர் குழாய் விட்டுக் காத்தை உறிஞ்சிக்கிட்டே தைப்பாங்க, பிறகு எக்ஸ்ரே. நுரையீரலே கிழியிறது வேற சங்கதி, இங்க நடக்கிறது பெரும்பாலும் உறையில விழுற ஓட்டை. வலி முதல் வாரம் இருக்கும், இருமினாலும் சிரிச்சாலும் தெரியும். மூடுறதுக்கு முன்ன புபிவகேய்ன்ங்கிற மரத்துப்போற ஊசி போட்டா முதல் நாள் பரவாயில்ல.

வளையிறது உண்மை, இளவயசுல கூடுதல். குருத்தெலும்போட வெளிப்பக்கத்துல ஒரு இழுவிசை இருக்கு. ஒரு பக்கம் மட்டும் சீவினா மறுபக்கம் இழுத்து வளைச்சிரும். இதை ஆராய்ஞ்ச கிப்சன், டேவிஸ் ரெண்டு பேரும் 1958ல சொன்னது இன்னைக்கும் செல்லும்: ரெண்டு பக்கமும் சமமா சீவி நடுப்பகுதியை எடு. செதுக்கினதை சலைன்ல 15 முதல் 30 நிமிஷம் போட்டு, வளைஞ்சா மறுபடி செதுக்கி, பிறகுதான் உள்ள வைக்கணும். இந்தக் காத்திருப்புக்கு நேரம் ஒதுக்காத டாக்டர்கிட்ட விலா வேலை கொடுக்காதீங்க. அப்படியும் சில மாசம் கழிச்சு லேசா வளையலாம், அதை முன்னாடியே சொல்லிக் கையெழுத்து வாங்கணும். 40 வயசுக்கு மேலன்னா சுண்ணாம்பு ஏறியிருக்கலாம், வளையிறது குறைவு, ஆனா செதுக்கும்போது முறியலாம். அவங்களுக்கு முதல்ல சி.டி. எடுத்துப் பார்ப்பாங்க.

வடசேரி_பிளாஸ்டிக்

வளைவைத் தவிர்க்க இன்னொரு வழி: தூணுக்கு முழுத் துண்டு, தண்டு உயரத்துக்குப் பொடியா நறுக்கினது. 0.5 முதல் 1 மி.மீ. துண்டுகளா நறுக்கி, 1 மி.லி. சிரிஞ்சுல அடைச்சு, காதுக்கு மேல முடிக்குள்ள இருந்து எடுத்த டெம்பொராலிஸ் ஃபேசியாவால (நெத்திப்பொட்டுத் தசை மேல உள்ள சவ்வு) உறை தைச்சு அதுக்குள்ள நிரப்புறது. 2000ல எரோல்ங்கிற துருக்கி சர்ஜன் இந்தப் பொடியை சர்ஜிசெல்ல (ரத்தம் நிறுத்தப் போடுற, உடம்புல கரையிற துணி) சுத்தி வச்சார். 2004ல அமெரிக்க சர்ஜன்கள் டேனியலும் கால்வர்ட்டும் சர்ஜிசெல்ல சுத்தினது கரைஞ்சு போகுதுன்னு காட்டி ஃபேசியாவுக்கு மாறினாங்க. ‘எதுல சுத்துவீங்க’ன்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, பதில்லயே தெரியும். தாங்கு வேலைக்கு இந்தப் பொடி ஆகாது.

தக்கலை_இ.என்.டி.

ஆபரேஷனுக்கு ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே மீன் எண்ணெய் கேப்ஸ்யூலை நிறுத்துங்க. மீன் குழம்பை யாரும் நிறுத்தச் சொல்லல்ல. ஆஸ்பிரின் எடுக்கிறவங்க எழுதித் தந்த டாக்டர்கிட்ட கேட்ட பிறகு மட்டும். ஸ்ப்ளிண்ட், அதாவது மூக்கு மேல வைக்கிற கெட்டிக் கட்டு, ஒரு வாரம். கண்ணாடி போடுறவங்க மூக்குல பாரம் வராம 4 முதல் 6 வாரம் பாத்துக்கிடணும். முழு ஹெல்மெட்டை மாட்டும்போது மூக்கு உரசும், அதனால அதுவரைக்கும் பஸ்ல போகட்டும். நசியம் (மூக்குல மருந்து விடுறது), ஆவி பிடிக்கிறது, திற்பரப்பு அருவியில தலை கொடுக்கிறது எல்லாம் டாக்டர் சொன்ன பிறகு. நுனி வீக்கம் முழுசா இறங்க ஒரு வருஷம் ஆகும், ரெண்டாவது மாசத்துல ஃபோட்டோ எடுத்துச் சண்டைக்குப் போகாதீங்க.

நீங்க எல்லாம் கேட்டுட்டு சிலிக்கான்தான்னு முடிவு பண்ணினாலும், பெட்டியில வர்ற ஸ்டிக்கரை, கம்பெனி பேரும் அளவும் லாட் நம்பரும் உள்ளது, டிஸ்சார்ஜ் ஃபைல்ல ஒட்டச் சொல்லி வாங்குங்க. பின்னால யாராவது திறக்கும்போது உள்ள என்ன இருக்குன்னு அது ஒண்ணுதான் சொல்லும்.