பீர்க்கு, சுரை: பெண் பூ வந்தும் பிஞ்சு வெம்பி விழுகிறது, உதவுங்கள்

மதுரை மாடி

வணக்கம். மதுரையில் இரண்டாவது மாடிக்கு மேலே மொட்டை மாடியில் தோட்டம் வைத்திருக்கிறேன். ஆடிப்பட்டத்தில் பீர்க்கும் சுரையும் போட்டேன். இரண்டும் நாட்டு விதை. பெரிய குரோ பேக், கம்பிப் பந்தல். கொடி பந்தலை மூடிவிட்டது, இலையெல்லாம் கரும்பச்சையாகக் கண்ணைப் பறிக்கிறது. பூவுக்கும் குறைவில்லை. ஆனால் முதலில் வந்ததெல்லாம் ஆண் பூ. தினமும் காலையில் உதிர்ந்து கிடப்பதைப் பெருக்கி அள்ளுவதே ஒரு வேலை.

இப்போதுதான் பெண் பூ தலைகாட்டுகிறது. பூவுக்கு அடியிலேயே குட்டிப் பிஞ்சு ஒட்டிக்கொண்டு வருவது பெண் பூ என்பது வரை தெரியும். அந்தப் பிஞ்சு இரண்டு மூன்று நாளில் நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கி விழுந்துவிடுகிறது. ஒரு காய்கூட நிற்கவில்லை. வீடியோ பார்த்து ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவியும் விட்டேன், பலன் இல்லை. வாரா வாரம் கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீர், இடையில் மீன் அமிலம் கொடுக்கிறேன். போரான் சத்து குறைவா? ஏதாவது மருந்து அடிக்க வேண்டுமா?

கீரைக்கட்டு

சந்தேகமே வேண்டாம், பழ ஈ. போன வருஷம் என் பாகல் முழுக்க இப்படித்தான் போச்சு. உடனே வேப்பெண்ணெய் அடியுங்கள், கடையில் பழ ஈப் பொறி கேட்டு வாங்கிக் கட்டுங்கள்.

தேனி தோட்டம்

பழ ஈயாகவும் இருக்கலாம், ஆனால் பார்க்காமல் சொல்ல முடியாது. விழுந்த பிஞ்சு ஒன்றை எடுத்துக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். ஈ குத்தியிருந்தால் தோலில் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி இருக்கும், அதிலிருந்து பிசின் கசிந்து உறைந்திருக்கும். உள்ளே கூழாகி வெள்ளைப் புழு நெளியும். மகரந்தம் சேராமல் போன பிஞ்சில் இது எதுவும் இருக்காது. வற்றி, மஞ்சளாகி, சுருங்கிப் போயிருக்கும், அவ்வளவுதான்.

பொறி வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பொறிக்குள் ஈயை இழுக்க வைக்கும் கவர்ச்சிப் பொருள் ஈக்கு ஈ மாறும். மாம்பழ ஈக்கு மீத்தைல் யூஜினால், கொடிக் காய்களைக் கெடுக்கும் ஈக்குக் கியூ லூர். கடையில் சும்மா ‘பழ ஈப் பொறி’ என்று கேட்டால் முதலாவதைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். பாகலுக்கும் பீர்க்குக்கும் அது பிரயோசனப்படாது.

மதுரை மாடி, மூன்று விஷயம் சொல்லுங்கள். பூவைத் தடவியது எத்தனை மணிக்கு? பந்தலைச் சுற்றி வலை ஏதும் இருக்கிறதா? சுரையின் நுனியைக் கிள்ளினீர்களா?

மதுரை மாடி

பிளந்து பார்த்தேன் அண்ணா. புழுவும் இல்லை, துளையும் இல்லை. உள்ளே வெள்ளையாக, பஞ்சு போல வறண்டிருக்கிறது.

தடவியது காலை எட்டு மணிக்கு, ஆபீஸ் கிளம்பும் முன். வீடியோவில் பரங்கிக்கு அப்படித்தான் காட்டினார்கள். வெயிலுக்கும் அணிலுக்கும் சேர்த்துப் பச்சை நிழல்வலை நாலு பக்கமும் இறக்கிக் கட்டியிருக்கிறேன். நுனி கிள்ளவில்லை, செழிப்பாக ஓடுகிற கொடியைக் கிள்ள மனசு வரவில்லை.

தேனி தோட்டம்

சரி, விஷயம் பிடிபட்டுவிட்டது. சத்துக் குறைவு இல்லை, நேரம்தான் தப்பு.

பரங்கிப் பூ விடியற்காலையில் விரியும், ஒன்பது பத்து மணிக்குள் மூடிக்கொள்ளும். பாகல், வெள்ளரி, சாம்பல் பூசணி எல்லாம் காலைப் பூக்கள். தேனீ வந்து வேலையை முடித்துவிடும். பீர்க்கும் சுரையும் புடலையும் அந்த ஜாதி இல்லை, சாயங்காலம் விரிகிறவை. பீர்க்கு ஐந்தரை ஆறு மணிக்கே விரியத் தொடங்கும். சுரை கொஞ்சம் பிந்தி, இருட்டும் நேரத்தில். சுரைப்பூ ஏன் அத்தனை வெள்ளை என்று யோசித்துப் பாருங்கள். இராத்திரியில் வரும் அந்துப்பூச்சிக்குக் கண்ணில் பட வேண்டுமே. நீங்கள் காலை எட்டு மணிக்குத் தொடுவது முந்தின நாள் மாலை விரிந்து, இரவைக் கழித்து, வாடத் தொடங்கிய பூ. மகரந்தமும் வீரியம் குறைந்திருக்கும். மேகமூட்டமான நாளில் காலையிலும் ஒன்றிரண்டு பிடிக்கும். மதுரை வெயிலில் அதை நம்ப முடியாது.

பொதுவாக மாடிக்கு அந்துப்பூச்சி தானாக வந்துவிடும். நீங்கள் நாலு பக்கமும் வலையை இறக்கி அதற்கும் கதவைச் சாத்திவிட்டீர்கள். வெயிலுக்கு மேலே மட்டும் வலை போதும். அணில் தொல்லை தாங்கவில்லை என்றால் சாயங்காலம் சுருட்டி மேலே கட்டிவிட்டு, காலையில் இறக்குங்கள்.

இன்று ஆபீஸிலிருந்து வந்ததும் இப்படிச் செய்யுங்கள். பீர்க்கில் ஆண் பூ கொத்தாக ஒரே தண்டில் வரும், அடியிலிருந்து ஒவ்வொன்றாக விரியும். பெண் பூ தனியாக நிற்கும். பல சமயம் இரண்டும் ஒரே கணுவில்தான் கிளம்பும், அதனால் தேட வேண்டியதில்லை. அன்று விரிந்த ஆண் பூவைக் காம்போடு கிள்ளுங்கள். இதழை மெதுவாகப் பிய்த்து எறியுங்கள். நடுவில் நிற்கும் மகரந்தப் பையை விரல் நுனியால் தொட்டால் மஞ்சள் தூள் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லையா, அந்தப் பூவை விட்டுவிட்டு வேறு பறியுங்கள். பெண் பூவின் நடுவே மூன்று மடலாகப் பிரிந்து, லேசாகப் பிசுபிசுவென்று இருப்பதுதான் சூல்முடி. மூன்று மடலிலும் படும்படி தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் ஒரு பக்கம் பருத்து, மறு பக்கம் ஒட்டிப்போய்க் கோணலாக வரும். பஞ்சு, பிரஷ் எல்லாம் தேவையே இல்லை. சுரைக்கு மொபைல் டார்ச் வேண்டியிருக்கும்.

எதிர்வீட்டுப் பந்தல்

அண்ணன் சொன்னது சரி. ஆனால் பெண் பூவே இவ்வளவு தாமதமாக, இவ்வளவு குறைவாக வந்ததற்குக் காரணம் புண்ணாக்குத் தண்ணீர்தான் என்பேன். கரும்பச்சை இலை என்று சொன்னபோதே தெரிந்துவிட்டது. தழைச்சத்து கூடினால் கொடி இலையிலும் ஆண் பூவிலும்தான் கவனம் வைக்கும். மீன் அமிலமும் அதே தழைச்சத்து. கொஞ்ச நாளைக்கு இரண்டையும் நிறுத்திவிட்டுச் சாம்பல் ஒரு கைப்பிடி, தேமோர் கரைசல் (தேங்காய்ப்பாலும் மோரும் கலந்து புளிக்கவைத்தது) என்று மாற்றுங்கள்.

சுரைக்கு 3ஜி கட்டிங் (நுனி கிள்ளிக் கிள்ளி மூன்றாம் தலைமுறைக் கிளை வரை வரவைப்பது) அவசியம் அக்கா. தாய்க்கொடியில் பெரும்பாலும் ஆண் பூதான் வரும். அதன் நுனியைக் கிள்ளினால் பக்கக் கொடி கிளம்பும், பெண் பூ அதில்தான் அதிகம்.

தேனி தோட்டம்

பக்கக் கொடி விஷயம் சுரைக்கு உண்மை தம்பி. ஆனால் யூடியூபில் காட்டுவது போல எல்லாக் கொடிக்கும் 3ஜி என்று கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். பீர்க்குக்குத் தானாகவே பக்கக் கிளை வரும். குரோ பேக்கில் இருக்கிற வேர் எத்தனை கொடியைத் தாங்கும் என்றும் பார்க்க வேண்டும். சுரையில் தாய்க்கொடியின் நுனியை மட்டும் ஒருமுறை கிள்ளுங்கள், போதும்.

முதலில் ஆண் பூ மட்டும் வருவது நோயும் இல்லை, குறையும் இல்லை. இந்தக் குடும்பத்துக் கொடிகளில் அதுதான் வழக்கம். பெண் பூ ஒரு வாரம் பத்து நாள் பிந்தித்தான் வரும். வெயிலும் நீண்ட பகலும் ஆண் பூவைக் கூட்டும், குளிர்ச்சி வந்தால் பெண் பூ கூடும். புரட்டாசி தாண்டினால் நீங்களே வித்தியாசத்தைப் பார்ப்பீர்கள்.

வேளாண் மாணவன்

எத்ரல் என்ற ஹார்மோன் மருந்து பற்றி யாரும் சொல்லவில்லையே. பீர்க்குக்குக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலேயே இருக்கிறது. 10 லிட்டர் தண்ணீருக்கு 2.5 மில்லி, அதாவது 250 பிபிஎம். விதைத்து 10 முதல் 15 நாளில் தொடங்கி வாரம் ஒருமுறை வீதம் நான்கு முறை தெளிக்க வேண்டும். எத்ரல் செடிக்குள் போய் எத்திலீன் வாயுவை வெளியிடும். எத்திலீன் கூடினால் இந்தக் கொடிகளில் பெண் பூவின் பங்கு கூடும்.

பனங்காட்டான்

ஆண் பனையைப் பெண் பனை ஆக்க அன்று திருவோத்தூரில் சம்பந்தர் பதிகம் பாட வேண்டியிருந்தது. இன்றைக்கு 2.5 மில்லியில் முடிந்துவிடுகிறது!

தேனி தோட்டம்

ஹா ஹா. ஆனால் தம்பி, இது இரண்டு மூன்று இலை விட்ட கன்றுக்கு அடிப்பது. அக்காவின் கொடி பந்தலையே மூடிவிட்டது, இனி அடித்துப் பயனில்லை. ஏக்கர் கணக்கில் போடுகிறவர்களுக்கு அது சரி. வீட்டுக்கு நாலு காய் பறிக்க, மாடியில் ஹார்மோன் மருந்து அளந்துகொண்டிருப்பதை நான் சொல்லமாட்டேன்.

பனை சொன்னதும் ஞாபகம் வந்தது. கோவைக்காயும் பனை மாதிரிதான், ஆண் தனிக் கொடி, பெண் தனிக் கொடி. விதை போட்டால் எது வருமென்று பூக்கும் வரை தெரியாது. அதனால் காய்த்த கொடியிலிருந்து தண்டு வெட்டி வந்து நடுங்கள். பீகார் பக்கம் சத்புதியா என்று ஒரு பீர்க்கு உண்டு. அதில் ஒரே பூவில் ஆணும் பெண்ணும் இருக்கும், கொத்துக் கொத்தாகக் காய்க்கும். அந்த விதை கிடைத்தால் இந்த இழைக்கே வேலை இருக்காது.

கத்தரி காதலி

இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். என் கத்தரியில் பாதிப் பூ கொட்டுகிறது. அதெல்லாம் ஆண் பூவா? பெண் பூவை எப்படிக் கண்டுபிடிப்பது?

வேளாண் மாணவன்

கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை எதிலும் ஆண் பூ, பெண் பூ என்று தனியாகக் கிடையாது. ஒரே பூவில் இரண்டும் உண்டு. கத்தரியில் மட்டும் ஒரு சங்கதி இருக்கிறது. பூவைக் கவிழ்த்துப் பாருங்கள். மஞ்சள் மகரந்தப் பைகளைத் தாண்டிப் பச்சைச் சூல்முடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது காய்க்கும் பூ. சூல்தண்டு குட்டையாகி உள்ளேயே புதைந்திருந்தால் அது காய் பிடிக்காமல் கொட்டிவிடும். கொத்தாக வரும் பூக்களில் குட்டை ரகம் சில இருப்பது சகஜம். எல்லாமே குட்டையாக வந்தால்தான் உரம், தண்ணீர், வெயில் பக்கம் பார்க்க வேண்டும்.

தக்காளிக்குக் காலையில் பூங்கொத்தை விரலால் சுண்டிவிட்டாலே போதும்.

அவரைப் பந்தல்

ஆண் பூ உதிர்கிறதே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். பரங்கியில் உபரி ஆண் பூவைக் காலையில் பறித்து, நடுத்தண்டைக் கிள்ளிவிட்டு பஜ்ஜி போடலாம், பொரியலும் செய்யலாம். மார்கழியில் கோலத்து நடுவே சாணி உருண்டையில் வைக்கவும் நீளக் காம்புள்ள ஆண் பூவைத்தான் பறிக்க வேண்டும். தெரியாத பிள்ளைகளை அனுப்பினால் பிஞ்சோடு பறித்துக்கொண்டு வந்து நிற்கும். மகரந்தம் தடவத் தினமும் இரண்டு மூன்று பூவை விட்டுவைத்தால் போதும்.

மதுரை மாடி

எல்லாருக்கும் நன்றி. வலையைச் சுருட்டிவிட்டேன், புண்ணாக்கை நிறுத்திவிட்டேன், சுரை நுனியைக் கண்ணை மூடிக்கொண்டு கிள்ளிவிட்டேன். சாயங்காலம் மாடிக்குப் போனால் பீர்க்குப் பூ அப்போதுதான் விரிந்து, மாடி முழுக்க மெல்லிய வாசனை. காலையில் பார்த்த பூவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தடவும்போது விரலெல்லாம் மஞ்சள் அப்பியது. தடவிய பூக்களுக்கு அடையாளமாக நூல் கட்டியிருக்கிறேன். காய் பிடித்துவிட்டது என்று எப்போது தெரியும்?

தேனி தோட்டம்

மூன்று நாளில் சொல்லிவிடலாம். பூ வாடிக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும், அதைப் பார்க்காதீர்கள். காம்பைப் பாருங்கள். பிடித்திருந்தால் காம்பு தடிக்கும், பிஞ்சு பச்சை மாறாமல் பளபளக்கும். சுரையில் நிமிர்ந்து நின்ற பிஞ்சு பாரம் ஏறிக் கவிழ்ந்து தொங்கும். பிடித்ததற்கு உடனே காகிதப் பை மாட்டிவிடுங்கள், பழ ஈ நெருங்காது. எல்லாமே நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு பையில் இருக்கிற வேரால் தாங்க முடியாத பிஞ்சைக் கொடியே உதிர்த்துவிடும்.

மதுரை மாடி

நூல் கட்டிய பீர்க்கில் இரண்டு இன்னும் பச்சையாக இருக்கிறது! சுரை ஒன்று கவிழ்ந்திருக்கிறது. கடைசியாக ஒன்று: அடுத்த பட்டத்துக்கு விதை எடுக்கலாமா? பக்கத்து மாடியில் பாகல் இருக்கிறது, மகரந்தம் கலந்து சுரை கசந்துவிடும் என்கிறார்கள்.

தேனி தோட்டம்

பாகலும் சுரையும் வேறு வேறு இனம், கலக்கவே கலக்காது. கசப்பு வருவது கசப்பான இன்னொரு சுரையோடு கலந்த விதையிலிருந்துதான். அதனால் விதைக்கு என்று ஒரு காயை ஒதுக்குங்கள். அன்று மாலை விரியப்போகும் பெண் மொட்டையும் ஆண் மொட்டையும் மதியமே நூலால் வாய் கட்டிவிட்டு, சாயங்காலம் அவிழ்த்துத் தடவி, பெண் பூவை மறுபடி கட்டிவிடுங்கள். அந்தக் காயை ஓடு இறுகி, ஆட்டினால் விதை குலுங்கும் வரை கொடியிலேயே விடுங்கள்.

சமைக்கும் சுரையில் ஒரு துண்டைப் பச்சையாக நாக்கில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. கசந்தால் துப்பிவிட்டுக் காயைத் தூக்கிப் போடுங்கள், ஜூஸ் போடவே கூடாது. அந்தக் கசப்பு விஷம், வேகவைத்தாலும் போகாது.