சட்ட ஆணையம் பரிந்துரைத்தால் அரசு ஏற்றே ஆக வேண்டுமா?

போட்டித் தேர்வு மாணவி:
வணக்கம். இந்தியச் சட்ட ஆணையம் 1955 முதல் 280க்கும் மேற்பட்ட அறிக்கைகளை அளித்திருக்கிறது. ஆனால் தேர்தல் ஆணையத்துக்கும் நிதி ஆணையத்துக்கும் இருப்பதைப் போல, அரசமைப்பில் இதற்கென்று ஒரு பிரிவுகூட இல்லை. அரசு ஏற்காவிட்டால் அந்த அறிக்கைகளால் என்ன பயன் என்பதை விளக்க முடியுமா?

வழக்கறிஞர், மதுரை:
ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. அரசமைப்பில் மட்டுமல்ல, தனிச் சட்டத்திலும் அதற்கு இடமில்லை. மத்திய அரசின் உத்தரவால் பெரும்பாலும் மூன்றாண்டுக் காலத்துக்கு அமைக்கப்படும் குழு அது. 21-ஆவது ஆணையத்தின் காலம் 2018 ஆகஸ்டில் முடிந்த பின், அடுத்த தலைவர் நியமிக்கப்பட்டது 2022 நவம்பரில்தான் என்பதிலிருந்தே அதன் நிலை உங்களுக்குப் புரியும்.

ஆனாலும் பயனில்லை என்று சொல்லிவிட முடியாது. 1973-இல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு அடித்தளம் 1969-இல் ஆணையம் தந்த 41-ஆவது அறிக்கை. சில அறிக்கைகளுக்கு நான்கே ஆண்டுகளில் பலன் கிடைக்கிறது, சிலவற்றுக்கு அரை நூற்றாண்டு ஆகிறது.

ஓய்வுபெற்ற அரசு வழக்கறிஞர்:
அந்த அரை நூற்றாண்டுக்கு உதாரணம், தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும், இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு. அது கடுமையானது, நியாயமற்றது, நீக்கிவிடலாம் என்று 1971-இலேயே 42-ஆவது அறிக்கை சொல்லிவிட்டது. அதையொட்டி வந்த மசோதா 1978-இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறும் முன் அவை கலைக்கப்பட, மசோதாவும் காலாவதியானது.

தொழிலுக்கு வந்த புதிதில், பூச்சிமருந்து குடித்துப் பிழைத்த ஒரு பெண்ணை மருத்துவமனையில் பார்க்கப் போயிருந்தேன். கட்டிலின் ஒரு பக்கம் குளுக்கோஸ் பாட்டில் தொங்கிக்கொண்டிருக்க, மறுபக்கம் ஸ்டூலில் அமர்ந்து தலைமைக் காவலர் வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தார். "புள்ள எந்திரிச்சதும் ஜெயிலுக்கா கூட்டிட்டுப் போவீங்க?" என்று அவள் தாய் கேட்டதற்கு அவரிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. மசோதா அன்று நிறைவேறியிருந்தால் அந்தக் காவலருக்கு அங்கே வேலையே இருந்திருக்காது.

வழக்கறிஞர், மதுரை:
உண்மைதான் ஐயா. ஆனால் பழியை முழுவதும் நாடாளுமன்றத்தின் மீது போட முடியாது. இந்தப் பிரிவு செல்லும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், 1997-இல் வந்த 156-ஆவது அறிக்கையில் ஆணையமே அதை வைத்திருக்கலாம் என்று திரும்பிவிட்டது. மறுபடியும் நீக்கச் சொன்னது 2008-இல், தேவகோட்டைக்காரரான நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன் தலைமையில் வந்த 210-ஆவது அறிக்கை. ஆணையம் என்றால் எப்போதும் சீர்திருத்தத்தின் பக்கம் நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. தேசத்துரோகப் பிரிவைத் தக்கவைத்து, தண்டனையை ஏழாண்டு வரை உயர்த்தலாம் என்று 2023-இல் சொன்னதும் இதே ஆணையம்தான்.

போட்டித் தேர்வு மாணவி:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் 309 நீங்கியது 210-ஆவது அறிக்கையால்தான் என்று எழுதலாமா?

ஓய்வுபெற்ற அரசு வழக்கறிஞர்:
அப்படி எழுதாதீர்கள் அம்மா. முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முதலில் அதன் பல்லைப் பிடுங்கியது. பிறகு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவு இடம்பெறவில்லை. அந்தச் சட்டத்துக்கான பரிந்துரைகளைத் தயாரிக்க 2020-இல் உள்துறை அமைச்சகம் அமைத்தது தனிக் குழு. சட்ட ஆணையம் அல்ல. இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள்: அரசு ஊழியரைப் பணியவைக்கவோ, அவர் கடமையைத் தடுக்கவோ தற்கொலைக்கு முயன்றால் அந்தப் புதிய சட்டத்தின் 226-ஆவது பிரிவின்படி இன்றும் ஓராண்டு வரை சிறை உண்டு.